முப்பத்தோராம் பக்கம்

நெல்லிமரத்தூர், ஜவ்வாது மலை.
14-11-1982

அன்புள்ள மச்சான் சேட்டுவுக்கு, உன் அக்காள் புருஷன் கோவிந்தன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், என் வலது காலைத் தவிர. உன் உடம்பு எப்படி, வேலூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று காந்தா மூன்று தடவை கேட்கச் சொன்னாள். நான் ஒரு தடவை எழுதிவிட்டேன், மீதி இரண்டையும் நீயே சேர்த்துக்கொள்.

கால் கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு கூடிவிட்டதாம். பிரித்த கையோடு போளூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது, எதிர்க்கடையில் படக்கதைப் புத்தகங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஐந்து மாதம் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் ஆசைதானே. ஒன்று வாங்கினேன். பெயர் 'கருஞ்சிறகன்'. படித்ததிலிருந்து என் மனசு ஆறவில்லை.

அந்தப் பயல் கறுப்பு முகமூடி போட்டுக்கொண்டு, முதுகில் ஒரு போர்வையைக் கட்டிக்கொண்டு, ஏழு மாடிக் கட்டடத்திலிருந்து கயிற்றில் தொங்கி எதிர்க் கட்டடத்துக்குப் போகிறான். சரி, போகட்டும். கயிற்றின் மறு நுனியை யார் பிடித்திருக்கிறார்கள்? அறுபத்து நான்கு பக்கமும் தேடிவிட்டேன். ஒருவரும் இல்லை. கொக்கியை வீசுகிறான், அது தானாக மாட்டிக்கொள்கிறது! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உன் அக்காவுக்குப் படத்தைக் காட்டினேன். "இவனுக்குக் கண்ணாலம் ஆவலையா? மச்சான் இல்லாதவன எவன் கயித்துல எறக்குனான்?" என்று கேட்டாள்.

அந்தப் புத்தகம் போடுகிறவருக்கே ஒரு கார்டு எழுதலாமா என்றுகூட நினைத்தேன். ஐயா, எங்கள் ஊரில் தேன்பாறையில் தேன் எடுக்க இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் வேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக் கூடாது, அவனுக்கு நிலத்தின் மேல் கண் இருக்கலாம். மச்சானுக்கு அப்படி இல்லை, தன் அக்காள் தாலி இறங்குவதை எவன் விரும்புவான்? பாறை உச்சியில் அவன் ஒருவன்தான் நிற்க வேண்டும், கயிற்றிலிருந்து கையை எடுக்கக் கூடாது. உயிர் என்றால் இத்தனை முறை இருக்கிறது ஐயா, நீங்கள் கொக்கியில் மாட்டிவிட்டீர்களே, இப்படி எழுத வேண்டும்.

நீ எனக்கு ஆறு வருஷம் பிடித்தாய். போன வைகாசியில் கயிறு நனைந்து வழுக்கிவிட்டது, நான் விழுந்தேன். நடுவில் இச்சி மரம் தாங்கியது. அதற்கு நீ என்ன செய்வாய்? ஒரே மாதத்தில் வேலூர் போய்விட்டாய், காலைக் கட்டிக்கொண்டு கிடந்தவனிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. பொங்கலுக்கு வா. வரும்போது பட்டணத்து இருமல் மருந்து எதுவும் வாங்கி வராதே, இங்கே யாருக்கும் இருமல் இல்லை, நீ மட்டும் வந்தால் போதும்.

உன் மாமன்
கோவிந்தன்


வேலூர்
30-11-1982

மாமாவுக்கும் அக்காவுக்கும் சேட்டு வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. கால் கூடியது அறிந்து எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். லாரி ஆபீசில் முதலில் தார்ப்பாய்க்குக் கயிறு கட்டும் வேலை கொடுத்தார்கள். அது வேண்டாம் என்று சொல்லி, பார்சல் சீட்டு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கருஞ்சிறகன் பற்றி எழுதியதைப் படித்தேன். பட்டணத்தில் அப்படித்தான் மாமா, எல்லாரும் தனியாகத் தொங்குகிறார்கள். இன்னும் இரண்டு வீரர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் வாங்கிப் படியுங்கள். பொழுது போகும். சிரிப்புப் புத்தகங்களை மட்டும் வாங்க வேண்டாம். அவற்றில் ஒன்றுமில்லை, வீண்.

பொங்கலுக்கு லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அக்காவை வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர் காலம், காலைப் போர்த்திக்கொண்டு படுங்கள்.

இப்படிக்கு,
சேட்டு


நெல்லிமரத்தூர்
20-1-1983

அன்புள்ள மச்சானுக்கு, பொங்கல் முடிந்தது. மாடுகள் சுகம், சாமை வீடு வந்து சேர்ந்தது, நாங்களும் இருக்கிறோம். நீ வரவில்லை.

நீ சொன்ன வீரர்களில் ஒருவனை வாங்கினேன். 'இடிமார்பன்'. அவன் பஸ்ஸைத் தூக்குகிறான் என்பதில் எனக்கு அதிர்ச்சி இல்லை, நம் மலைப் பாதையில் எத்தனை தடவை எல்லாரும் இறங்கித் தூக்கியிருக்கிறோம். ஆனால் அந்தத் தடியன் கால்சட்டைக்கு மேலே ஜட்டி போட்டிருக்கிறான் சேட்டு! முதல் பக்கத்தில் அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். கடைசிப் பக்கம் வரை அப்படியே இருக்கிறான், போலீஸ்காரர்கள் அவனுக்குச் சலாம் வேறு அடிக்கிறார்கள். "அவசரத்துல மாத்திப் போட்டுக்கினு வந்துட்டான் போல, ஒருத்தராவது சொல்லக் கூடாதா?" என்றாள் உன் அக்கா.

இரண்டாம் வகுப்போடு விட்டவள் இப்போது எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருக்கிறாள். படத்தில் வாயிலிருந்து வட்டம் கிளம்பி அதற்குள் பேச்சு இருக்கிறதல்லவா, ஆள் முகத்தைப் பார்த்து என்ன பேசியிருப்பான் என்று ஊகித்து, பிறகு எழுத்தைச் சரிபார்க்கிறாள். பாதி சரியாக வருகிறது. அவளுக்கும் வேறு வேலை என்ன.

அவள் ஏன் வீட்டோடு கிடக்கிறாள் என்பதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். பொங்கலன்று அவள் கோயிலுக்குப் போகவில்லை. போகக் கூடாது என்று ஊர் சொல்லியிருக்கிறது. நீ வேலூர் போன பிறகு ஆடிப் பூசையில் நடந்தது இது. விழுந்தபோது என்ன கண்டாய் என்று ஊர்க்கவுண்டர் சடையன் கேட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், விழுவதற்கு முந்தின நொடி மேலேயிருந்து ஒரு சிரிப்பு கேட்டது என்று சொல்லிவிட்டேன். ஆண் சிரிப்பா பெண் சிரிப்பா என்று தெரியாது, பாறை முழுக்க மோதி மோதி வந்தது. கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாறையம்மன் சிரித்துவிட்டாள் என்றார்கள். புருஷன் பாறையில் இருக்கும்போது பெண்டாட்டி தலை சீவக் கூடாது, எண்ணெய் தொடக் கூடாது, வாய் திறக்கக் கூடாது. காந்தா நோன்பை மீறியிருக்கிறாள், அதனால்தான் அம்மன் சிரித்தாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அவள் சீப்பையே தொடவில்லை என்று கற்பூரம் அடிக்கிறேன் என்றாள். யார் கேட்டார்கள்! அன்றிலிருந்து பெண்கள் அவளோடு தண்ணீர் எடுக்க வருவதில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்து எட்டு மாதம் ஆகிறது. வைகாசி பிறப்பதற்குள் அம்மன் நல்ல வாக்குக் கொடுக்காவிட்டால் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டுமாம், எனக்கு வேறு பெண் பார்ப்பார்களாம். தாய்வீடு எங்கே இருக்கிறது? தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, உன் லாரி ஆபீஸ்தான் இருக்கிறது. என் வாயால் கெட்டது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

கோவிந்தன்


வேலூர்
26-2-1983

மாமாவுக்கு வணக்கம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. காய்ச்சல். இப்போது பரவாயில்லை.

அக்காவுக்கு ஒரு புடவை பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு ஏதாவது பறவையாக இருக்கலாம் அல்லவா? மலையில் எத்தனையோ பறவைகள் மனிதர் மாதிரி கத்துகின்றன. பறவை என்று ஊரில் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். அக்காவை எங்கும் அனுப்பிவிடாதீர்கள்.

சேட்டு


நெல்லிமரத்தூர்
20-3-1983

தம்பி சேட்டுக்கு! அக்கா காந்தா எழுதுவது! நான் சுகம்! நீ சுகமா! நானே என் கையால் எழுதுகிறேன்! மாமா வயலுக்குப் போயிருக்கிறார்! அவருக்குத் தெரியாது!

படப் புத்தகத்தில் எல்லார் பேச்சுக்கும் கடைசியில் ஒரு குச்சியும் ஒரு புள்ளியும் இருக்கிறது! அதனால் நானும் போடுகிறேன்! இந்த வட்டத்தையும் நான்தான் போட்டேன்! கீழே வால் மாதிரி இருப்பது என் வாய்ப் பக்கம்!

புடவை வந்தது! பச்சை நல்ல பச்சை! எங்கே கட்டிக்கொண்டு போவது!

பறவை என்று மாமா ஊரில் சொன்னார்! சடையக் கவுண்டர் ஒத்துக்கொள்ளவில்லை! இந்த மலையில் எனக்குத் தெரியாத பறவையா என்றார்! போன வாரம் மாமாவின் தம்பி தேவராஜ் வந்து, சித்திரையோடு அண்ணி புறப்பட வேண்டியதுதான் என்றான்! என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்!

நான் அன்று தலை சீவவில்லை! எண்ணெய் தொடவில்லை! மூலையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன்! இப்போது சில சமயம் எனக்கே சந்தேகம் வருகிறது! தெரியாமல் எதையாவது தொட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்!

உன்னை ஒன்று கேட்கத்தான் எழுதினேன்! மாமா கீழே தொங்கினார்! நீ மேலே இருந்தாய்! அவரைவிட உனக்குத்தான் பக்கம்! அம்மன் சிரித்தது உன் காதிலும் விழுந்ததா! நீ கேட்டிருந்தால் கேட்டேன் என்று எழுது! கேட்கவில்லை என்றால் அதை எழுது! நான் நம்புகிறேன்!

வேளைக்குச் சாப்பிடு!

அக்கா


நெல்லிமரத்தூர்
10-4-1983

மச்சான் சேட்டுவுக்கு. இங்கு நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். அக்கா உனக்குக் கடிதம் போட்டாளாம், நீ பதில் போடவில்லையாம். நேற்றுத்தான் சொன்னாள்.

செங்கம் சந்தையில் பழைய பேப்பர்க்காரனிடம் ஒரு சிரிப்புப் புத்தகம் கிடைத்தது. நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தாய், ஞாபகம் இருக்கிறது. வீரர்கள் அலுத்துவிட்டார்கள். ஒருவனுக்கும் வயிற்றுவலிகூட வருவதில்லை. இந்தப் புத்தகத்தின் பெயர் 'கம்பவுண்டர் கைலாசம்'. முதல் முப்பது பக்கம் சுமார்தான். ஆள் மருந்து பாட்டில்களை மாற்றி மாற்றிக் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பயில்வான் பல்வலியோடு வருகிறான். கைலாசம் ஒரு நூலின் நுனியைப் பல்லில் கட்டி, மறு நுனியைக் கதவில் கட்டி, யாராவது கதவைத் திறந்தால் பல் வந்துவிடும் என்கிறான். யாரும் வரவில்லை. ஏனென்றால் வெளியே 'இன்று விடுமுறை' என்று பலகை மாட்டியதும் அவனேதான். கடைசியில் இன்ஸ்பெக்டர் வந்து கதவை உதைக்கிறார். பல் அப்படியே இருக்கிறது, கைலாசத்தின் வேட்டி பறந்து போகிறது. அவசரத்தில் பல்லுக்குப் பதில் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருக்கிறான்.

இதைக் காந்தாவுக்குப் படித்துக் காட்டினேன். காலை வெயிலில் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். வேட்டி பறந்த படத்தைப் பார்த்தாளோ இல்லையோ, சிரித்துவிட்டாள். பதினோரு மாதம் கழித்துச் சிரித்தாள். முதலில் விக்கல் மாதிரி ஒன்றை உள்ளே இழுத்து, பிறகு மூன்று படி ஏறி, மூன்றாம் படியில் கீச்சென்று உடைந்தது.

நான் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டேன். அதே சிரிப்பு. பாறையில் நான் கேட்ட அதே சிரிப்பு, அதே மூன்று படி. அவள் பயந்து என்னை உலுக்கி, "இன்னா ஆச்சி? இன்னா ஆச்சி உனுக்கு?" என்று கேட்டாள். அவள் அன்று வீட்டு மூலையில் இருந்தாள். பாறையில் அவள் இல்லை. அவளைப் போலவே சிரிக்கிறவன் இந்த உலகத்தில் இன்னும் ஒரே ஒருவன்தான் இருக்கிறான். ஆறு வருஷம் என் வீட்டில் சாப்பிட்டு, என் பக்கத்தில் படுத்துச் சிரித்தவன். அது எனக்கு ஏன் அன்று தோன்றவில்லை தெரியுமா? ஒரு உயிரைக் கையில் பிடித்திருக்கிறவன் சிரிப்பான் என்று யாருக்குத் தோன்றும்?

உன் அக்காவிடம் கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். சிரிப்புப் புத்தகம் மட்டும் வேண்டாம் என்று நீ ஏன் எழுதினாய் என்று இரவெல்லாம் யோசித்தேன். உன்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்தப் புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தை நீ இதற்கு முன் படித்திருக்கிறாயா?

கோவிந்தன்


வேலூர்
22-4-1983

மாமா,

படித்திருக்கிறேன்.

எத்தனையோ தாள் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன். அதற்கு முந்தின நாள் போளூரில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். பாதி படித்து, மீதியை இடுப்பில் சொருகிக்கொண்டு பாறைக்கு வந்தேன். நீங்கள் இறங்கினீர்கள். புகை போட்டு, தேனீ கலைய வெகுநேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆறு வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்ற தைரியம். கயிற்றை மரத்தில் கட்டினேன். கையை விட்டேன். உட்கார்ந்து படித்தேன்.

வேட்டி பறந்ததும் சிரித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தேன். அந்த நேரம் நீங்கள் எனக்குச் சைகையாகக் கயிற்றை இரண்டு தடவை இழுத்தீர்கள் போல. முடிச்சு நழுவி, கயிறு என் பக்கத்தில் பாம்பாக ஓடியது. பிடிப்பதற்குள் போய்விட்டது. மரக்கிளை முறிகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் கீழே ஓடி வந்தேன். கயிறு நனைந்திருந்தது என்ற பொய், ஓடி வருகிற வழியிலேயே என் வாயில் வந்து உட்கார்ந்துவிட்டது. புத்தகத்தை ஓடையில் எறிந்தேன்.

சிரிப்பைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த அன்று, ஆபீசில் எல்லாப் பார்சல் சீட்டிலும் நம் ஊர்ப் பெயரையே எழுதிவைத்தேன். என் சிரிப்புக்கு அக்கா தண்டனை அனுபவிக்கிறாள். தெரிந்தும் பறவை என்று எழுதினேன். காய்ச்சலும் பொய். அக்கா கடிதத்துக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை மாமா. நான் நம்புகிறேன் என்று எழுதியிருக்கிறாள்.

ஊர் என்னைக் கொன்றாலும் சரி, வந்து சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். வேறு ஏதாவது சொல்லி ஊரைச் சமாதானம் செய்ய வழியிருந்தால் யோசியுங்கள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

சேட்டு


நெல்லிமரத்தூர்
28-4-1983

சேட்டுக்கு,

உன் கடிதத்தைத் தபால்காரர் என் கையில் கொடுத்தார். நான்தான் முதலில் பிரித்தேன். மாமா வருவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டாய்.

இதில் குச்சி போடவில்லை. அது கத்துவதற்குப் போடுவது என்று மாமா சொன்னார். நான் கத்தவில்லை. கத்துவதற்கு என் உடம்பில் தெம்பில்லை.

என் புருஷனைக் கயிற்றில் விட்டுவிட்டுப் புத்தகம் படித்திருக்கிறாய். அதையாவது சின்னப் புத்தி என்று விட்டுவிடுவேன். நான் ஆடியிலிருந்து தனியாகத் தண்ணீர் எடுக்கிறேன் என்று தெரிந்த பிறகும் பறவை என்று எழுதினாயே, அதற்கு எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாமா? வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். வந்து சொல்லு. என் வீட்டில் சாப்பிட வேண்டாம்.

காந்தா


நெல்லிமரத்தூர்
6-5-1983

மச்சானுக்கு. பத்திரமாக வேலூர் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். பட்டினியாக பஸ் ஏறினாய். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கூட்டத்தில் நீ எல்லாவற்றையும் சொல்லி அழுதாய். யோசித்துச் சொல்கிறோம் என்று உன்னை அனுப்பினார்களே, உன் பஸ் கிளம்பியதும் யோசனை முடிந்துவிட்டது. உன்னை ஒருவரும் நம்பவில்லை!

"அக்காளுக்கோசரம் தம்பி பழியத் தூக்கித் தலையில வெச்சிக்கிறான். நல்ல பையன்" என்றார் சடையக் கவுண்டர். உன்னை மெச்சுகிறார்கள் சேட்டு! "கயிறு புட்சவன் பொஸ்தகம் பட்சானாம், சிரிச்சானாம். இத்த நம்பணுமா? மச்சான் அப்டி செய்வானா?" என்று அடுத்த வீட்டு மங்கம்மாள் என்னையே திருப்பிக் கேட்டாள். அக்காளுக்காக உயிரையும் கொடுப்பான் என்று நம்பித்தானே மச்சானிடம் கயிற்றைக் கொடுக்கிறோம். அதே நம்பிக்கை இப்போது குறுக்கே நிற்கிறது. வைகாசி பிறக்க ஒன்பது நாள் இருக்கிறது. காந்தாவின் துணிகளை மூட்டை கட்டி வைக்கச் சொல்லி தேவராஜ் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

உன் அக்கா ஒரு வழி சொன்னாள். நேற்று மறுபடி கூடிய கூட்டத்தில் எழுந்து அவளே கேட்டாள்: "அவன் மேல போயி சிரிக்கட்டும். நீங்க எல்லாம் கீழ நின்னு கேளுங்க. அதே சிரிப்பு இல்லன்னா நானே போயிட்றேன்." கவுண்டர் ஒத்துக்கொண்டார். எந்தச் சிரிப்பு என்று சொல்ல வேண்டியவன் நான், அம்மன் மேல் சத்தியம் செய்து சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை. புத்தகம் என்னிடம் இருக்கிறது. வா. வழியில் எதையாவது சாப்பிட்டுவிட்டு வா.

கோவிந்தன்


வேலூர்
9-5-1983

மாமாவுக்கு வணக்கம். வருகிறேன்.

ஆனால் எனக்குச் சிரிப்பு வராது. அன்றைக்குப் பிறகு நான் சிரித்ததே இல்லை. நேற்று அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்துப் பார்த்தேன். இருமல் மாதிரி வருகிறது. பக்கத்து அறைக்காரர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். பயமாக இருக்கிறது மாமா. அக்காவிடம் சொல்லாதீர்கள். சரி, சொல்லிவிடுங்கள்.

சேட்டு


நெல்லிமரத்தூர்
14-5-1983

அன்புள்ள மச்சான் சேட்டுவுக்கு, மாமன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நிஜமாகவே சுகம். நேற்றுப் பாறையிலிருந்து இறங்கி, யாரிடமும் பேசாமல் நேரே பஸ்ஸுக்குப் போய்விட்டாய். மேலே நடந்தது உனக்குத் தெரியும். கீழே நடந்தது உனக்குத் தெரியாது. அதற்காகத்தான் இன்றே எழுதுகிறேன்.

நீ புத்தகத்தோடு மேலே போனாய். ஊர் முழுக்கப் பாறை அடியில் உட்கார்ந்தது. காந்தா வீட்டில் இருக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். வெயில் ஏறிக்கொண்டே போனது, மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பாத்தியா கோயிந்தா, பொய்யின்னா சிரிப்பு வராது. எய்ந்திரு, போலாம்" என்றார். எல்லாரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள்.

அப்போது விழுந்தது சிரிப்பு. உள்ளே இழுத்து, மூன்று படி ஏறி, கீச்சென்று உடைந்தது. நின்று, மறுபடியும் வந்தது. பாறை முழுக்க மோதி எங்கள் தலை மேல் கொட்டியது. என்ன வரப் போகிறது என்று தெரிந்து காத்திருந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது என்றால் மற்றவர்களை நினைத்துக்கொள். மங்கம்மாள் சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டாள். கவுண்டர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அத்தனை பேரும் தலைக்கு மேல் கையைக் கூப்பி, "தாயே, தாயே" என்று கும்பிட்டார்கள். என் தம்பி தேவராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தான். சேட்டு சிரித்துவிட்டான் என்று நினைத்து என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இதுதான், அம்மன் மேல் சத்தியமாக இதேதான்" என்று கத்தினேன்.

பாறை விளிம்பில் ஒரு முகம் எட்டிப் பார்த்தது. உன் முகம் இல்லை. காந்தா! கையில் கைலாசம் புத்தகம், உடம்பில் நீ அனுப்பிய பச்சைப் புடவை. அங்கே பெண் கால் பட்டதே இல்லையே!

கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை சேட்டு. சட்டென்று இறக்கினால் அம்மன் குற்றமாகுமோ என்று பயம், தூக்கியே வைத்திருந்தால் காந்தாவைக் கும்பிடுகிறார்கள். அப்படியே நின்றார்கள். கையைத் தூக்கியபடியே கவுண்டர் என்னைப் பார்த்து, "சத்தியம் பண்ட்டியா?" என்று கேட்டார். பண்ணிவிட்டேன் என்றேன்.

பிறகு அவளிடம் கேட்டேன். பின்பக்கமாக ஏறி வந்தபோது, நீ முப்பத்தோராம் பக்கத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாயாம். உன்னைச் சமாதானம் செய்ய அவளுக்கு மனசு வரவில்லையாம். புத்தகத்தைப் பிடுங்கித் தானே படித்தாளாம். படிக்கப் படிக்க, கீழே இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதும், ஒரு வேட்டிக்காக ஒரு வருஷம் போனதும் நினைவு வந்து, அடக்க முடியவில்லையாம்.

இன்று காலை சடையக் கவுண்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தம்பியும் அக்காளும் ஒரே சிரிப்பு, அன்று சிரித்தது தம்பிதான் என்பதை ஊர் ஒத்துக்கொண்டது என்றார், தாய்வீட்டுக்கு அனுப்புகிற பேச்சை இனி யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். தரையைப் பார்த்துக்கொண்டே, "வைகாசி பூசைக்கு நீயும் வா, காந்தா" என்று கூப்பிட்டார்.

உன் அக்கா அடுப்பில் வேலையாக இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நேத்தே கும்புட்டாச்சே பெரிய மாமா. இன்னும் இன்னாத்துக்கு நான் வேற அங்க வரணும்?" என்றாள். அவர் போன பிறகு உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்றிலிருந்து உன் பெயரை அவள் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை எழுதி முடித்ததும் வாங்கி, முதலிலிருந்து படித்தாள். கீழே இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அவள் எழுதுவது இது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தேனுக்கு இறங்குகிறார். வா. கயிறு நீதான் பிடிக்க வேண்டும். உனக்குப் பின்னால் நின்று நானும் பிடித்திருப்பேன். காந்தா.